வாசலில் நிற்கும் கார்: குடியிருப்போர் பெர்மிட்டைப் புதுப்பிப்பது பற்றி



இந்த மேடையில் எனக்கு முன் வந்தவர்கள் இலக்கியமும் வரலாறும் பேசியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் கார் நிறுத்தும் பெர்மிட். லண்டனில் ஒரு கவுன்சிலின் பெர்மிட் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்களில் நம்மவர்கள் ஏராளம். கையில் கவுன்சில் வரிக் கடிதம், காரின் பதிவுப் புத்தகம், கூடவே மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பத்து வயதுப் பிள்ளை. பெரும்பாலான கவுன்சில்களில் அந்த மேசை இன்று இல்லை. அந்த இடத்தில் ஓர் இணையக் கணக்கு இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டும் காகிதமும் இல்லை. காரின் எண்ணே பெர்மிட் ஆகிவிட்டது.

இதை நவீனமாக்கல் என்கிறார்கள். மாற்றம் வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. பெர்மிட் வாங்க ஒரு நாள் சம்பளத்தை இழந்து வரிசையில் நின்ற தொழிலாளர்களை நான் நன்றாக அறிவேன். அவர்களுக்கு இணையம் பெரிய விடுதலை. ஆனால் பழைய விதிகளை அப்படியே கணினிக்குள் ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்வதை நான் ஏற்கவில்லை. யாருக்கு, எத்தனை, என்ன விலைக்கு, எந்தத் தேவைக்கு என்ற கேள்விகளை முதலில் தெருவோடு பேசித் தீர்க்க வேண்டும். மென்பொருள் வாங்குவது அதற்குப் பிறகு வரும் வேலை.

முதலில் தெருவைப் பார்ப்போம். ஈஸ்ட்ஹாமிலோ டூட்டிங்கிலோ நாம் வாழும் வீடுகளில் பெரும்பாலானவை நூறு ஆண்டுகளுக்கும் மேலானவை. கார் என்ற ஒன்றை நினைத்துக்கூடப் பார்க்காத காலத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டின் முகப்பு ஏறக்குறைய 4.5 மீட்டர் முதல் 5.5 மீட்டர் வரை இருக்கும். ஒரு காரை எடுக்கவும் விடவும் தெருவோரத்தில் 5 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். ஆக, கணக்குப்படி பல வீடுகளுக்கு ஒரு கார்கூடச் சரியாகக் கொள்ளாது. முனைகள், தீயணைப்பு வண்டி திரும்பும் இடம், மாற்றுத்திறனாளிகளுக்கான இடம், பள்ளிக்கூட வாசல் எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். இதற்கு மேல் அந்த வீட்டை மூன்று ஃபிளாட்டாகப் பிரித்தால் மூன்று குடும்பங்களுக்கும் பெர்மிட் கேட்கும் தகுதி வந்துவிடும். இன்னொருவர் முன்தோட்டத்தை இடித்துக் கல் பாவி, நடைபாதை விளிம்பைத் தாழ்த்திக்கொள்வார். அவருக்குச் சொந்தமாக ஓர் இடம் கிடைக்கும். தெருவுக்கு ஓர் இடம் குறையும். இப்படிக் கழிந்த இடங்களை யாரும் பெர்மிட் எண்ணிக்கையிலிருந்து கழிப்பதில்லை.

அதனால்தான் எந்தக் கவுன்சிலின் படிவத்தைப் பார்த்தாலும் ஒரு வாசகம் இருக்கும்: பெர்மிட் இருப்பதால் இடம் கிடைக்கும் என்று உறுதியில்லை. பணம் கட்டியவர்களுக்கு இதைப் படித்தால் வயிறு எரியும், நியாயம்தான். இருக்கும் இடங்களைவிட அதிகமான பெர்மிட்டுகளை ஒரு பகுதியில் கொடுத்துக்கொண்டே போகலாம்; அதைத் தடுக்க உச்சவரம்பு பெரும்பாலான திட்டங்களில் இல்லை. எத்தனை இடம், எத்தனை பெர்மிட் என்ற இந்த விகிதத்தைப் பகுதி வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுவதுதான் உண்மையான சீர்திருத்தத்தின் முதல் படி என்பது என் எண்ணம். கணினி வந்துவிட்ட பிறகு இது ஒரு நொடி வேலை. ஆனாலும் செய்கிறவர்கள் குறைவு.

பிரிட்டனில் முதல் பார்க்கிங் மீட்டர்கள் 1958 ஜூலை 10 அன்று லண்டனின் மேஃபேர் பகுதியில் இயங்கத் தொடங்கின. நகருக்குள் வந்து போகிறவர்களைக் கட்டுப்படுத்த வந்த ஏற்பாடு அது. மீட்டருக்குக் காசு போட மனமில்லாதவர்கள் பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களில் காரை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார்கள். கட்டுப்பாடு ஒரு தெருவில் வந்தால் கார் அடுத்த தெருவுக்கு ஒதுங்கும். அடுத்த தெருக்காரர் கவுன்சிலிடம் முறையிடுவார். அங்கும் கோடு போடுவார்கள். லண்டனின் பெர்மிட் பகுதிகள் பலவும் இப்படித்தான் நிலையங்களையும் கடைத்தெருக்களையும் விளையாட்டரங்குகளையும் சுற்றிப் படர்ந்தன. ஹாரோ பக்கம் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் ஒரு மணி நேரம் மட்டும் கட்டுப்பாடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் காரை விட்டுவிட்டு ரயில் ஏறுகிறவரை விரட்ட அந்த ஒரு மணி நேரமே போதும். மற்ற நேரம் விருந்தாளிக்குத் தொல்லையில்லை. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. எந்த மென்பொருளும் இல்லாமல், தெருவின் நடப்பைக் கவனித்து யாரோ ஓர் அலுவலர் யோசித்துச் செய்தது. வெம்பிளியில் போட்டி நடக்கும் நாட்களுக்கு மட்டும் பொருந்தும் பெர்மிட் இருக்கிறதே, அதுவும் இந்த வகைதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம்மவர்கள் அறிந்திருப்பது நல்லது. தெருவில் இடம் குறித்து, பெர்மிட் கொடுத்து, கட்டணம் வாங்கும் அதிகாரம் 1984ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து வருகிறது. 1991ஆம் ஆண்டுச் சட்டம் லண்டனில் பார்க்கிங் மீறல்களைக் காவல்துறையிடமிருந்து எடுத்துக் கவுன்சில்களிடம் ஒப்படைத்தது. 1994க்குள் லண்டன் முழுவதும் இந்த முறைக்கு மாறியது. டிக்கெட் என்னும் தண்டச் சீட்டைப் போடுகிறவரும் கவுன்சில், அந்தப் பணத்தைப் பெறுகிறவரும் கவுன்சில் என்ற நிலை அப்போதே வந்துவிட்டது. அதனால் 1984 சட்டத்தின் 55ஆவது பிரிவு முக்கியமானது. தெருவோரப் பார்க்கிங்கின் வரவு செலவுக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும். மிச்சம் வந்தால் அதைப் போக்குவரத்து, சாலை போன்ற சட்டம் குறித்த காரியங்களுக்குத்தான் செலவிட வேண்டும் என்கிறது அது.

இதை ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 1995இல் கேம்டனின் பிரிம்ரோஸ் ஹில் பகுதியில் கொண்டுவந்த பார்க்கிங் கட்டுப்பாட்டை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; குடியிருப்போரோடு முறையாகக் கலந்து பேசவில்லை என்பது முக்கியக் காரணம். பிறகு பார்னெட். 2011இல் அந்தக் கவுன்சில் குடியிருப்போர் பெர்மிட்டை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாகவும், விருந்தாளிக்கான சீட்டை 1 பவுண்டிலிருந்து 4 பவுண்டாகவும் உயர்த்தியது. குடியிருப்பவர் ஒருவர் வழக்குப் போட்டார். 2013 ஜூலையில் நீதிபதி லாங் கொடுத்த தீர்ப்பு அந்த உயர்வு செல்லாது என்றது: இந்தச் சட்டம் வரி வசூலுக்கான சட்டம் அல்ல, மற்றச் செலவுகளுக்குப் பணம் திரட்டும் நோக்கத்தோடு பெர்மிட் கட்டணத்தை ஏற்றக் கூடாது. நான்கு மடங்காக ஏறிய அந்த விருந்தாளிச் சீட்டை மறந்துவிடாதீர்கள். அதற்குத் திரும்ப வருவேன்.

காகிதம் போனதால் என்ன போனது? யாழ்ப்பாணத்தில் பங்குக் கிணறு என்று ஒன்று உண்டு. நாலைந்து வளவுக்காரருக்குப் பொதுவான கிணறு; யாருக்கு எத்தனை பங்கு என்று காணி உறுதியிலேயே எழுதியிருக்கும். அன்றாடம் அந்த உறுதியை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. யார் இறைக்கிறார், எவ்வளவு நேரம் இறைக்கிறார் என்பது அயலுக்கே தெரியும். முறை தப்பினால் வேலிக்கு மேலால் ஒரு குரல் வரும். கார்க் கண்ணாடியில் ஒட்டிய பெர்மிட்டும் தெருவில் அந்த வேலையைச் செய்தது. இந்தக் கார் நம் தெருவுக்கு உரியது, அது அல்ல என்று நடந்து போகிறவருக்கே தெரிந்தது. இன்று அது கவுன்சிலின் கருவிக்கு மட்டுமே தெரிகிறது. தன் வாசலில் வாரக்கணக்கில் நிற்கும் காருக்குப் பெர்மிட் இருக்கிறதா என்று அறிய முடியாத குடியிருப்பவர் எரிச்சலடைகிறார், கவுன்சிலை அழைக்கிறார், தனிநபர் விவரம் என்று பதில் வருகிறது. அயலாருக்குள் சந்தேகம் வளர்கிறது.

காகிதம் போனால் வேறென்ன நடக்கும் என்பதற்குச் சாட்சியாக ஒரு நாட்டளவு அனுபவமே உண்டு. கார்க் கண்ணாடியில் ஒட்டும் வட்டமான சாலை வரிச் சீட்டு 1921இலிருந்து இருந்தது. 2014 அக்டோபர் 1 முதல் அதை நிறுத்தினார்கள். அரசின் சொந்தக் கணிப்பின்படி, வரி கட்டாத வாகனங்கள் 2013இல் 0.6 விழுக்காடு, 2015இல் 1.4, 2017இல் 1.8. ஏமாற்றுக்காரர்கள் திடீரென்று பெருகிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. காரை விற்றால் மிச்ச வரி புதியவருக்குப் போகாது என்ற விதியும் அதே நேரத்தில் வந்ததால் பலர் தடுமாறினார்கள். காலாவதி மாதத்தைத் தினமும் கண்ணில் காட்டிய ஒரு பொருள் இல்லாமல் போனது இன்னொரு காரணம். பெர்மிட்டிலும் அதுவே நடக்கிறது. மின்னஞ்சலில் வரும் நினைவூட்டல் விளம்பரக் குப்பைக்குள் போய் விழுந்தால், சட்டத்தை மதிக்கும் மனிதர் ஒரு நாள் காலையில் தன் வாசலிலேயே டிக்கெட் வாங்குகிறார். காகிதத்தை எடுத்துவிட்ட கவுன்சில், காகிதம் செய்துகொண்டிருந்த இந்த வேலையைத் தானே ஏற்க வேண்டும். காலாவதிக்கு முன் கைபேசிக்குச் செய்தி, பதில் வராவிட்டால் தபாலில் கடிதம், அதற்கும் மேல் முதல் சில நாட்களுக்குத் தண்டம் போடாமல் எச்சரிக்கைச் சீட்டு. இவ்வளவும் செய்தால் காகிதம் இல்லாத குறை பெரும்பாலும் தெரியாது.

சிறிய ஒன்றை விளக்கமாகச் சொல்ல அனுமதியுங்கள். பெரிய திட்டங்கள் இடறி விழுவது இத்தகைய இடங்களில்தான். பிரிட்டனின் வாகன எண் தகட்டில் ஆங்கில ஓ எழுத்துக்கும் பூச்சியத்துக்கும் ஒரே வடிவம். ஐ எழுத்துக்கும் ஒன்றுக்கும் அப்படியே. 2001இலிருந்து வரும் எண்களில் முதலில் இரண்டு எழுத்து, பிறகு இரண்டு இலக்கம், பிறகு மூன்று எழுத்து. எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் அது எழுத்தா இலக்கமா என்று அறிய முடியும். பெர்மிட் காகிதமாக இருந்தபோது இது ஒரு பிரச்சினையே இல்லை. டிக்கெட் போடுகிறவர் மனிதர். தகட்டையும் சீட்டையும் பார்ப்பார், இரண்டும் ஒன்றுதான் என்று போய்விடுவார். இப்போது மகளின் காருக்கு விருந்தாளி பெர்மிட் எடுக்கும் தாய் பூச்சியத்துக்குப் பதில் ஓ என்று தட்டிவிட்டால், கணினிக்கு அது வேறொரு கார். பணமும் போகும், டிக்கெட்டும் வரும். மேல்முறையீட்டில் நியாயம் கிடைக்க வாய்ப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் டிக்கெட்டைப் பார்த்ததும் பதறி, 14 நாளுக்குள் கட்டினால் பாதிதான் என்பதால் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறவர்கள்தான் நம் வீடுகளில் அதிகம். தட்டிய எண்ணின் அமைப்பைச் சரிபார்த்து, "இது பூச்சியமாக இருக்க வேண்டுமே" என்று மென்பொருளே திருத்திவிடலாம். அப்படித் திருத்தும் மென்பொருளை வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரியை எழுதத் தெரிந்தவர் பெர்மிட் மேசையில் உட்கார்ந்தவராகத்தான் இருப்பார். ஒப்பந்தம் எழுதும் அறைக்குள் அவரைக் கூப்பிட வேண்டும்.

இனி விருந்தாளி பெர்மிட். ஒரு பெர்மிட் திட்டம் நல்லதா கெட்டதா என்று பார்க்க என்னிடம் கேட்டால், குடியிருப்போர் பெர்மிட்டைப் பார்க்க மாட்டேன். விருந்தாளி பெர்மிட்டைத்தான் பார்ப்பேன். பல கவுன்சில்களில் சுரண்டல் அட்டை என்று ஒன்று இருந்தது. நாணயத்தால் தேதி, மாதம், ஆண்டைச் சுரண்டி, காரின் எண்ணை எழுதி, முன்கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். தவறி இரண்டு தேதி சுரண்டினால் அட்டை வீண். கதவைச் சாத்தும் காற்றில் கவிழ்ந்தால் டிக்கெட். வயதானவர்களின் விரல் நடுக்கத்துக்கு அது கொஞ்சமும் இரங்கவில்லை. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த அட்டைக்கு மூன்று நல்ல குணங்கள் இருந்தன. அலமாரியில் வைத்திருக்கலாம், அயலாருக்குக் கடனாகக் கொடுக்கலாம், வந்தவர் யார் என்று எவருக்கும் சொல்லாது.

கடைசிக் குணத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இணையத்தில் எடுக்கும் ஒவ்வொரு விருந்தாளி பெர்மிட்டும், இன்ன வீட்டுக்கு இன்ன கார் இன்ன நேரத்தில் வந்தது என்ற பதிவு. ஒரு வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்ற ஆண்டுக்கணக்கான பட்டியலை ஒரு கவுன்சிலும், அதற்கு மென்பொருள் விற்ற நிறுவனமும் வைத்திருக்க என்ன தேவை? கணவனிடமிருந்து தப்பி வந்து அக்கா வீட்டில் தங்கும் பெண்ணின் காரை நினைத்துப் பாருங்கள். விசா கேள்வியோடு வாழும் நம்மவர் ஒருவரைப் பார்க்க வரும் வழக்கறிஞரின் காரை நினைத்துப் பாருங்கள். தேவைக்கு மேல் விவரம் சேர்க்கக் கூடாது, தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்று 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடு வந்த விதிகள் சொல்கின்றன. டிக்கெட்டுக்கு எதிரான முறையீட்டுக் காலம் முடிந்ததும் அந்தப் பதிவை அழித்துவிட வேண்டும். அழிக்கிறார்களா, எப்போது அழிக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

விருந்தாளி என்ற ஒருவரைப் பற்றித் திட்டம் வகுப்பவர் மனதில் ஒரு படம் இருக்கிறது: சனிக்கிழமை மதியம் தேநீருக்கு வந்து, இரண்டு மணி நேரத்தில் போகிற நண்பர். நம் வீடுகளுக்கு வருகிறவர்கள் அப்படி வருவதில்லை. ஒரு சாவு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இறுதிச் சடங்கு நாளுக்குத் தெருவில் இடம் ஒதுக்கித் தரப் பல கவுன்சில்களில் ஏற்பாடு உண்டு. அந்த அலுவலர்கள் பரிவோடு நடந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நமக்கு அது ஒரு நாள் காரியம் அல்லவே. செய்தி கேட்ட அன்றே ஆட்கள் வரத் தொடங்குவார்கள். சமைத்த சாப்பாட்டோடு வருவார்கள். எட்டாம் நாள் எட்டுச் செலவு என்ற சடங்கு இருக்கிறது. 31ஆம் நாள் அந்தியேட்டி இருக்கிறது. ஒரு மாதம் அந்த வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். இத்தனைக்கும் மேல், பெர்மிட் கணக்கு இறந்த கணவரின் பெயரில் இருக்கும். கடவுச்சொல் அவரோடு போயிருக்கும். கார் அவர் பெயரில் பதிவாகியிருக்கும். துக்கத்தில் இருக்கும் பெண் கணக்குக்குள் நுழைய முடியாமல், வந்தவர்களிடம் "டிக்கெட் போட்டுடுவாங்கள், கெதியா எடுத்துக்கொண்டு போங்கோ" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வந்தவரை இருக்கச் சொல்ல முடியாத நிலை நம் வீடுகளில் எவ்வளவு பெரிய அவமானம் என்பது எந்த அறிக்கையிலும் வராது. இறப்புப் பதிவு எண்ணைக் காட்டினால் அந்த முகவரிக்கு ஒரு மாதம் தாராளமாக விருந்தாளி பெர்மிட் கிடைக்கும் என்று ஒரு விதி எழுதலாம். கணினிக்கு அது எளிது. தமிழருக்கு மட்டும் உரிய சலுகையாக அது இருக்கத் தேவையில்லை. முஸ்லிம், யூத, ஐரிஷ் குடும்பங்களிலும் துக்க வீட்டுக்கு ஆட்கள் நாள்கணக்கில் வருவார்கள். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆவது பிரிவு, ஒரு முடிவு இந்த மக்களை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே யோசிக்கும் கடமையைக் கவுன்சிலின் தலையில் வைத்திருக்கிறது.

பராமரிப்பாளர்களும் இப்படித்தான். முதியவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுக்கக் காலையும் மாலையும் வரும் பெண்களுக்குப் பல கவுன்சில்கள் தனிப் பெர்மிட் கொடுக்கின்றன. நிறுவனத்திலிருந்து வருகிறவருக்கு அது சுலபம். சம்பளமில்லாமல் தாயைப் பார்க்க வரும் மகளுக்கோ மருத்துவர் கடிதம், படிவம், காத்திருப்பு. கணக்கு நடத்துவதும் நடைமுறையில் அந்த மகள்தான். தாயின் பெயரில், தன் கைபேசியில், தாயின் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு, சட்டத்தின் கண்ணில் ஏதோ தப்புச் செய்வதுபோல நடத்துகிறாள். வீட்டில் ஒருவருக்காக மற்றொருவர் கணக்கைக் கையாளலாம் என்று முறைப்படி அனுமதித்துவிட்டால் இந்த ஒளிவு மறைவு தேவையில்லை. இணையமே வேண்டாம் என்கிற முதியவருக்கு ஒரு தொலைபேசி எண்ணும், நூலகத்தில் வாரம் சில நாட்களாவது உட்காரும் ஓர் அலுவலரும் இருந்தாக வேண்டும். மேசையை எடுத்ததில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதியாவது இதற்குப் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

புகைக்கேற்ற கட்டணம் பற்றியும் சொல்ல வேண்டும். 2007இல் ரிச்மண்ட் கவுன்சில் முதன்முதலாகக் காரின் கரியமில வாயு அளவை வைத்துப் பெர்மிட் விலையை நிர்ணயித்தது. 100 பவுண்டு கட்டிய பெரிய கார்களுக்கு 300 பவுண்டு ஆனது. 2010 தேர்தலில் கவுன்சில் கை மாறியதும் அந்தத் திட்டம் போனது. ஆனால் எண்ணம் போகவில்லை; இன்று லண்டனின் பல கவுன்சில்களில் அதுவே நடைமுறை. நம்மவர்கள் நிறைந்த நியூஹாமில் முதல் காருக்கான பெர்மிட் நெடுங்காலம் இலவசமாக இருந்தது. 2021இல் அங்கும் புகைக்கேற்ற கட்டணம் வந்தது. காரின் எண்ணைக் கொடுத்தால் வாகனப் பதிவேட்டிலிருந்து புகை அளவைக் கணினியே எடுத்துக்கொள்ளும் என்பதால்தான் இது நடைமுறைக்குச் சாத்தியமானது.

இந்தக் கொள்கையை நான் ஆதரிக்கிறேன். புகையை முதலில் சுவாசிப்பது நெருக்கமான தெருக்களில் வாழும் நம் பிள்ளைகள்தான். தவிர, 2021 கணக்கெடுப்பின்படி லண்டன் வீடுகளில் பத்தில் நான்குக்கு மேல் கார் இல்லாதவை. இஸ்லிங்டனில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்குக் கார் கிடையாது. தெருவோரம் அவர்களுடையதும்தான். ஒரு கார் நிற்கும் இடத்துக்குள் ஆறு சைக்கிள் வைக்கும் கூண்டைப் பொருத்திவிடலாம். பெர்மிட் பேச்சில் அந்த ஆறு பேரின் குரல் கேட்பதே இல்லை.

ஆனாலும் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். 2001இல் சாலை வரியைக் கரியமில வாயுவுக்கேற்ப மாற்றிய அரசுதான் மக்களை டீசல் காரின் பக்கம் தள்ளியது. விடியற்காலையில் பஸ் இல்லாத நேரத்தில் சுத்திகரிப்பு வேலைக்கும் பெட்ரோல் நிலைய வேலைக்கும் போகிறவர் அந்தக் காரைத்தான் இரண்டாம் கையாக வாங்கினார். அவரிடம் அடுத்த மாதமே டீசலுக்கென்று கூடுதல் பெர்மிட் கட்டணம் கேட்பது தவறு. மூன்று ஆண்டு முன்னறிவிப்பு, மாதத் தவணையில் கட்டும் வசதி, இவை இரண்டும் இருந்தால் அவர் அடுத்த காரை வாங்கும்போது கணக்குப் பார்த்து வாங்குவார். ஆண்டுத் தொகையை ஒரே மூச்சில் கட்டச் சொல்வதும், மூன்று மாத பெர்மிட்டுக்கு விகிதத்தைவிட அதிகம் வாங்குவதும் கையில் காசில்லாதவரைத் தண்டிக்கும் ஏற்பாடுகள். ஒரே வீட்டின் இரண்டாவது, மூன்றாவது காருக்கு விலையைக் கடுமையாக ஏற்றுவதை மட்டும் நான் தயங்காமல் ஆதரிப்பேன், நம் வீடுகளில் பலருக்கு அது கசந்தாலும்.

பகுதி எல்லைகளையும் தொட வேண்டும். எல்லை பெரிதாக இருந்தால், அதே பகுதிக்காரர் வீட்டிலிருந்து கிளம்பி நிலையத்தருகே காரை விட்டுவிட்டுப் போவார். மிகச் சிறிதாக இருந்தால், அடுத்த தெருவில் காலியான இடம் இருந்தும் வீடு திரும்புகிறவர் சுற்றிக்கொண்டே இருப்பார். இஸ்லிங்டனில் காலை 11 மணி முதல் மாலை 3 மணி வரை மற்றப் பகுதிகளிலும் நிறுத்தலாம் என்று குடியிருப்போர் பெர்மிட்டுக்கு ஒரு தளர்வு வைத்திருக்கிறார்கள். கடைக்கும் மருத்துவரிடமும் போய்வர அது உதவும். காலையில் ரயிலுக்குப் போகிறவருக்கு உதவாது. இப்படிப்பட்ட தளர்வுகளைக் காகிதத்தைவிடக் கணினியில் நடத்துவது எளிது. நவீனமாக்கலில் நான் எதிர்பார்ப்பது இத்தகைய நயமான விதிகளைத்தான்.

புதிய அடுக்குமாடிகளில் வீடு வாங்குகிற இளையவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல கட்டடங்களுக்குக் கார் இல்லாக் குடியிருப்பு என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்திருக்கும்; அங்கு வசிப்பவருக்குத் தெருவில் பெர்மிட் கிடையாது. விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் இதைச் சொல்லாமல் விடுவதுண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் முகவரியைக் கொடுத்துக் கவுன்சிலிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, நம் கையில் இருக்கும் வேலை. புதிய பெர்மிட் பகுதி, புதிய வகைப் பெர்மிட், நேர மாற்றம் போன்றவற்றுக்குக் கவுன்சில் ஓர் ஆணை போட வேண்டும். அதற்கு முன் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். வழக்கமாக விளக்குக் கம்பத்திலும் ஒட்டுவார்கள். ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் உண்டு. எழுத்தில், காரணத்தோடு வரும் ஆட்சேபத்தைக் கவுன்சில் பரிசீலித்தே ஆக வேண்டும். பரிசீலிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பிரிம்ரோஸ் ஹில் காட்டியது. விலை உயர்வு மட்டும் வேறு வழியில் வருகிறது: 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும், ஆட்சேபம் கேட்க வேண்டியதில்லை. ஆகவே விலை பற்றிப் பேச வேண்டிய காலம் அறிவிப்பு ஒட்டிய பிறகு அல்ல. அதற்கு முந்தைய மாதங்களில், பட்ஜெட் கூட்டங்களில், உங்கள் வார்டு கவுன்சிலரிடம்.

நூறு பேர் கையெழுத்திட்ட ஒரே கடிதத்தைவிட, தன் வீட்டு நிலையைச் சொல்லும் பத்துக் கடிதங்கள் அலுவலரை அதிகம் யோசிக்க வைக்கும். அந்த மேசையில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன். எத்தனை இடத்துக்கு எத்தனை பெர்மிட் கொடுத்திருக்கிறீர்கள், விருந்தாளிப் பதிவை எப்போது அழிக்கிறீர்கள், இணையம் இல்லாதவருக்கு என்ன வழி, துக்க வீட்டுக்கு என்ன விதி என்று கேட்டு எழுதுங்கள். பெயர், முகவரி, அறிவிப்பில் இருக்கும் குறிப்பு எண் மூன்றையும் சேருங்கள். எழுத உதவி வேண்டுகிறவர்களுக்காகக் கூட்டம் முடிந்த பிறகும் நான் இங்கேதான் இருப்பேன்.